கரண்ட் திரும்பி வரும்போது

1

நேற்றுப் பின்னேரம் மெல்பேர்னில் எங்கள் நோபல் பார்க்கில் கரண்ட் போய்விட்டது.

இதையும் ஒரு விஷயமென்று எழுத வந்துவிட்டாளே என்று ஊரிலிருந்து வாசிக்கிற நீங்கள் சிரிக்கலாம். இங்கே இது விஷயம்தான். நான் படிக்க வந்து, படித்து முடித்து, வேலைக்கும் சேர்ந்த இத்தனை காலத்தில் அக்கா வீட்டில் கரண்ட் போனது இதுதான் முதல் தடவை. நாள் முழுக்க எரித்த வெயிலுக்குப் பிறகு ஒரு காற்று எழும்பியது. எங்கேயோ ஒரு மரம் கம்பியில் சாய்ந்திருக்க வேண்டும். ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

அக்காவின் மகள் அபிக்கு எட்டு வயது. கையிலிருந்த ரப்லெட்டைப் பார்த்தாள், சுவரிலிருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தாள். "சித்தி, இட்ஸ் டெட்!" என்று கத்தினாள். செத்த வீடு மாதிரித்தான் முகமும் இருந்தது.

எனக்கோ கால் நிற்கவில்லை. ஓடிப்போய் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றினேன். பிறகு ரீவி, மைக்ரோவேவ், வைஃபை பெட்டி, உடுப்புத் தோய்க்கிற மெஷின்.

"என்ன மச்சாள், வீடு மாறுறமோ?" என்று அத்தான் சோபாவில் கிடந்தபடியே கேட்டார்.

"கரண்ட் திரும்பி வரேக்க கூடிக் குறைஞ்சு வரும் அத்தான். பிரிட்ஜை அடிச்சுப் போடும்."

"இது மெல்பேர்ன். இங்க கரண்ட் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி வரிசையில வரும்."

"விடுங்கோ அவளை," அக்கா குசினிக்குள் இருந்து சொன்னாள். "அவளுக்கு இண்டைக்குத்தான் பெருநாள்."

அக்கா சொன்னது சரி. கரண்ட் போவதால் ஆபத்தில்லை, அது திரும்பி வருகிற அந்த நொடியில்தான் ஆபத்து. இதைப் படிக்க நான் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஊரில், நெல்லியடியில், போன் கதைக்கவும் கொப்பி எடுக்கவும் ஆட்கள் வருகிற அப்பாவின் கொமினிக்கேஷன் கடையில் படித்தேன். இந்த நகரத்தில் இதை என்னைப்போலவே உடம்பால் தெரிந்துவைத்திருந்த இன்னொரு ஆள் இருந்தார். அவர் பெயர் இப்ராகிம். அவர் தன் ஊருக்குத் திரும்பிப்போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம்.

2

டண்டினோங் பக்கம் ஒரு சிறிய கம்பனியில் வேலை செய்கிறேன். இங்குள்ள பெரிய அலுவலகங்கள் கழித்துவிடுகிற சேர்வர், சுவிட்ச், ரவுட்டர் எல்லாம் எங்களிடம் வரும். சுத்தப்படுத்தி, சோதித்துப் பார்த்து, பசிபிக் தீவுகளுக்கும் ஆபிரிக்காவுக்கும் அனுப்புவோம். எந்த ஊருக்கு எந்த மெஷின் தாக்குப்பிடிக்கும் என்று தெரிவு செய்வது என் பொறுப்பு. எனக்கு இந்த வேலையில் பைத்தியம். கலியாண வீட்டில் யாராவது "என்ன வேலை பிள்ளை?" என்று மரியாதைக்குக் கேட்டால்கூட, சோறு ஆறும்வரை மின்னழுத்தம் பற்றிச் சொல்லுவேன். அக்கா மேசைக்குக் கீழே காலை மிதிப்பாள்.

இப்ராகிமுக்கு வட கானாவில் தமாலே என்ற ஊர். பொதி கட்டுவதும் கப்பலுக்கு, விமானத்துக்கு அனுப்புவதும் அவர் பார்த்த வேலை. நாங்கள் இருவரும் கதைப்பது ஆங்கிலத்தில்தான், ஆனால் அது இரண்டு பேருக்குமே மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்த ஆங்கிலம். இங்கே அவர் பேச்சை என் தமிழில்தான் எழுதப்போகிறேன். அவருடைய சிரிப்பை எழுத எனக்கு எந்த மொழியிலும் வராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கூட்டத்தில் நான் வாய் தவறி "கரண்ட் கட்" என்று சொல்லிவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் விளங்காமல் பார்த்தார்கள். இப்ராகிம் மட்டும் மேசையில் தட்டிச் சிரித்தார்.

"நாங்கள் லைட் ஓஃப் எண்டுவம். உங்கட ஊரிலயும் இருக்கோ இந்த வியாதி?"

"எங்கட ஊரில அது குடும்பத்தில ஒரு ஆள்," என்றேன்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். என் கத்தரிக்காய்க் குழம்பை அவர் சாப்பிட்டு மூக்கைச் சிந்துவார். "சிஸ்டர், இது சாப்பாடோ தண்டனையோ?" என்பார். அடுத்த நாளும் கை நீட்டுவார்.

அவருடைய மனைவியும் மகளும் தமாலேயில். மகளுக்கு அபியின் வயது. ஒருநாள் போனை வைத்துவிட்டு வந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் தள்ளிவைத்தார். என்ன என்று கேட்டேன். "மகள் இப்ப என்னோட மரியாதையாக் கதைக்கிறாள்," என்றார். "நல்லா இருக்கிறீங்களோ, சாப்பிட்டீங்களோ எண்டு. வீட்டுக்கு வந்த மாமாவோட கதைக்கிற மாதிரி."

3

அவருடைய அக்கா ரஹினாவுக்குத் தமாலேயில் மொத்த மருந்து வியாபாரம். வேறு இரண்டு ஊர்களில் கிளைகள். எந்த மருந்து எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது முழுவதும் தலைமைக் கடையிலுள்ள ஒரு கொம்பியூட்டரில். அது விழுந்தால் கிளைகள் இரண்டும் கண் கட்டின மாதிரி. அது அடிக்கடி விழுந்தது.

அப்போதுதான் அந்தப் பக்கத்து மருத்துவ நிலையங்கள் சில சேர்ந்து ரஹினாவிடம் ஒரு பேச்சு வைத்தன. ஹர்மத்தான் முடியும்வரை, கேட்கிற மருந்துக்கு அன்றன்றே பதில் தந்து காட்டு, பிறகு எங்கள் மருந்து முழுவதும் உன்னிடம்தான் என்று. ஹர்மத்தான் என்பது சகாராவிலிருந்து மார்கழி, தை மாதங்களில் இறங்குகிற வறண்ட காற்று. தூசி என்றால் சும்மா தூசி இல்லை. சூரியனையே பால்போல் வெளிறச் செய்கிற தூசி.

"இது கிடைச்சால் என்னால தனியச் சமாளிக்கேலாது, நீ வந்திடு எண்டு அக்கா சொல்லிப்போட்டா," என்றார் இப்ராகிம். "கிடைக்காட்டி கிளை ரெண்டையும் மூடப்போறா. பிறகு நான் எதுக்குப் போறது? அங்க எனக்கு வேற வேலை இல்லை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "விழாத ஒரு மெஷினை நீதான் தெரிஞ்சு தர வேணும், சிஸ்டர்."

ஒரு மனிதர் வீட்டுக்குப் போவதும் போகாததும் நான் தெரிந்தெடுக்கிற பெட்டியில் தொங்கியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளிநாட்டிலிருந்து ஊருக்குச் சாமான் அனுப்புகிற எல்லோரும் செய்வதையே செய்தேன். இருந்ததில் திறமானதை அனுப்பினேன். இரண்டு பவர் சப்ளை உள்ள பெரிய சேர்வர், அதற்கேற்ற யூபிஎஸ், வங்கியொன்று கழித்துவிட்ட கனதியான நெட்வேர்க் சுவிட்ச். ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று, ஒரு பவர் சப்ளை எரிந்தால் மற்றது. பெட்டி மூடும்போது அதைத் தடவிக்கொடுத்தேன். யூபிஎஸ் பற்றரியை விமானத்தில் ஏற்ற இப்ராகிம் பட்ட பாடு தனிக்கதை. பற்றரி ஈரமா உலர்ந்ததா, சரிந்தால் கசியுமா என்று விமானக் கம்பனிக்காரர் ஒருவர் மாறி ஒருவர் போனில் கேட்டார்கள். கடைசியில் இப்ராகிம், "ஐயா, அது என்னை விட அமைதியானது," என்றார்.

தமாலேயில் அதைப் பூட்டினார்கள். இங்கிருந்தே அதன் உயிரை நான் பார்க்கலாம். என் திரையில் ஒரு பச்சைப் புள்ளி.

4

காலையில் எழும்பினால் புள்ளி சிவப்பு.

அவர்களுடைய மத்தியானம் எங்களுக்கு நித்திரை நேரம். ஒவ்வொரு நாளும் அங்கே வெயில் ஏற ஏற சேர்வர் சூடேறி, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இரவு கடை மூட முன்னம் யாராவது திரும்பப் போட்டுவிடுவார்கள். அடுத்த நாள் மீண்டும். கரண்ட் கூடிக் குறைகிறது என்று நினைத்து ஸ்டெபிலைசர் போடச் சொன்னேன். போட்டார்கள், விழுந்தது. அறை சூடோ என்று கேட்டேன்.

"இது தமாலே, மகள்," என்றார் ரஹினா. "சூடில்லாத அறை எண்டால் பிரிட்ஜ்தான்."

சேர்வரின் காற்றாடி சுற்றுகிறதா? சுற்றுகிறது. படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். உடனே அனுப்பினார்கள். துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று நின்றது சேர்வர். சுற்றிவர ஒரு தடையும் இல்லை. அறையில் மின்விசிறியும் சுற்றியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருத்துவ நிலையங்களிலிருந்து ஒரு முறை முணுமுணுப்பும் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டில் இப்ராகிம் என் குழம்பைத் தொடுவதை நிறுத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நெல்லியடிக்கு வீடியோவில் கதைத்தேன். போன தடவை நான் அனுப்பிய புது ரவுட்டர் சரியில்லை என்று அம்மா முறைப்பாடு. "மத்தியானத்தில நிண்டு போகுது பிள்ளை. பழசே நல்லம்."

"காட்டுங்கோ பாப்பம்."

"பொறு, பொறு," என்று அம்மா எழுந்தார். போன் அப்பாவின் கையில் இருந்தது. அப்பாவுக்குப் பொறுக்கிற பழக்கம் இல்லை. போனைப் பிடித்தபடியே கூடத்துக்கு நடந்துவிட்டார். நான் கண்டது, ரவுட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பூப்போட்ட ஒரு துணி. அம்மா ஓடிவந்து அதைச் சட்டென்று உருவி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அம்மா! ஏன் மூடினனீங்கள்?"

"தூசியெல்லே படும். நீ விலை குடுத்து வாங்கி அனுப்பின சாமான்."

"பிறகு இப்ப ஏன் எடுத்தனீங்கள்?"

"பாக்க வாற ஆக்களுக்கு மூடிக் காட்டுறதோ?"

அப்பா பின்னாலிருந்து சிரித்தார். "உன்ர அம்மா என்னையும் அப்பிடித்தான். ஆக்கள் வந்தால் மட்டும் புது சேட்டுப் போடச் சொல்லுவா."

எங்கள் வீட்டு ரீவிக்குச் சட்டை இருந்தது. தையல் மெஷினுக்கு இருந்தது. அப்பாவின் கடைக் கொம்பியூட்டருக்கு அம்மா தன் கலியாணத்துக்குப் பிறகு கட்டிய முதல் வொயில் சேலையில் ஒரு பெரிய துண்டை வெட்டித் தைத்திருந்தார். வாடிக்கையாளர் வந்தால் அப்பா அதை ஒரு மந்திரவாதிபோல் உருவுவார். நான் அதற்குள்தான் வளர்ந்தேன். மெல்பேர்னில் சில வருடம் இருந்ததும் அது என் கண்ணுக்குள்ளிருந்து போய்விட்டது.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் போகாததுமாக இப்ராகிமிடம் கேட்டேன். "உங்கட வீட்டில ரீவியை மூடி வைக்கிறனீங்களோ?"

"ஓம். நல்ல துணியால. ஏன்?"

கேள்வி முடிந்ததும் அவருக்கும் விளங்கியது. நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்று பின்னேரம், தமாலேயில் கடை திறக்கிற நேரம், தன் அக்காவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வீடியோ கோல் எடுத்தார். "அக்கா, எழும்ப வேண்டாம். போனைத் திருப்புங்கோ. ஒண்டையும் தொடாதீங்கோ."

ஆழ்ந்த நீலத்தில் மஞ்சள் பறவைகள் அச்சடித்த துணி. நான்கு பக்கமும் தரைவரைக்கும். சேர்வர் மணப்பெண்போல் உள்ளே நின்றது. நான் படம் கேட்ட ஒவ்வொரு தடவையும் துணியை எடுத்து, துடைத்து, படமெடுத்து, பிறகு பத்திரமாக மூடியிருக்கிறார்கள்.

"கடையில இதுதான் விலை கூடின சாமான்," என்றார் ரஹினா கோபத்தோடு. "தூசியில விட்டால் என்னைப்பற்றி ஊர் என்ன சொல்லும்?"

நானும் இப்ராகிமும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு நீர் மட்டும் நிற்கவில்லை. இரண்டு பேருமே வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

5

துணியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். எங்கள் மனேஜர் அதைத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன்.

ஹர்மத்தான் பொய் இல்லையே. துணியை எடுத்தால் அந்தப் பெரிய காற்றாடிகள் பாலைவனத்தையே உள்ளே இழுக்கும். மூடினால் வெப்பத்தில் நிற்கும், திறந்தால் தூசியில் சாகும். ரஹினா செய்தது சரி, நான் அனுப்பிய மெஷின்தான் பிழை. அது தூசி வடிகட்டிய குளிர் அறையில் பிறந்து வளர்ந்தது. அதை அங்கே அனுப்பியது, என்னை முதல் குளிர்காலத்தில் செருப்போடு இங்கே இறக்கிவிட்டது போலத்தான்.

திரும்பத் தெரிவு செய்தேன். இம்முறை வேறு கேள்விகள். உடைந்தால் யார் திருத்துவது? எங்கே உதிரி கிடைக்கும்? யாராலும் ஐந்து நிமிடத்தில் மாற்ற முடியுமா?

காற்றாடியே இல்லாத, சாப்பாட்டுப் பெட்டி அளவு சின்னக் கொம்பியூட்டர் இரண்டு. உடம்பே இரும்பு விலா எலும்புபோல் வரிவரியாக இருக்கும், சூடு அதால் வெளியேறும். ஒன்று வேலை செய்யும், மற்றது அதன் நகலோடு பக்கத்தில் காத்திருக்கும். இரண்டும் குடிக்கிற கரண்ட் ஒரு பல்பு அளவு, ஆகவே கார் கடையில் வாங்குகிற பற்றரியே நாள் முழுக்கத் தாங்கும். புத்திசாலிச் சுவிட்சுக்குப் பதில் தமாலே சந்தையிலேயே கிடைக்கிற சாதாரணச் சுவிட்ச். இரண்டு போன் கம்பனிகளின் சிம், ஒன்று நின்றால் மற்றது. கரண்ட் திரும்பி வந்தாலும் சில நிமிடம் பொறுத்து, அது நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுகிற ஒரு சின்னப் பெட்டி. அது அப்பாவின் கடை விதி. அப்பா கையால் செய்ததை இது தானாகச் செய்யும்.

கடைசியாக, கம்பிவலை அடித்த ஒரு அலுமாரி. அதன் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கம்பி. துணி அந்தக் கம்பியில் திரைபோல் தொங்கும். அடியிலும் மேலும் காற்று போய்வர இடமிருக்கும்.

நான் கீறிய படத்தைப் பார்த்து மனேஜர் கேட்டார், "இந்தக் கம்பி எதுக்கு?"

"துணிக்கு," என்றேன்.

"எந்தத் துணிக்கு?"

"மஞ்சள் பறவை போட்டதுக்கு," என்றார் இப்ராகிம், முகத்தை மாற்றாமல்.

6

புதுப் பெட்டிகள் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஹர்மத்தான் முடியும்வரை புள்ளி பச்சையாக இருந்தது.

நான் காலையில் பல் தீட்ட முன்னம் அதைப் பார்ப்பேன். பச்சை. ரயிலில் பார்ப்பேன். பச்சை. கரண்ட் அங்கே போனதும் வந்ததும் சிறு கீறல்களாகத் தெரியும். புள்ளி அசையாது. பச்சையாக விடிகிற ஒவ்வொரு நாளும் இப்ராகிம் ஒருநாள் அளவு வீட்டுக்குக் கிட்டப் போனார். அவருடைய சாப்பாட்டு மேசைக் கதைகளில் இங்குள்ள விஷயங்கள் குறைந்துகொண்டே வந்தன. என் குழம்பை மறுபடி இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு சாப்பிட்டார். நான் உறைப்பைக் கூட்டிப் போட்டேன்.

காற்று அடங்கிய வாரத்தில் ரஹினாவுக்கு மருத்துவ நிலையங்கள் சம்மதம் சொல்லின.

விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். வழியில் இரண்டு பேரும் வானொலியைக் கேட்பதுபோல் நடித்தோம். பொதியை நிறுக்கும்போது கேட்டேன், "மகள் கண்டதும் என்ன செய்வாள்?"

"முதல்ல சலாம் சொல்லுவாள், மாமாவுக்குச் சொல்லுற மாதிரி," என்றார். "எத்தினை நாளில கோவிப்பாள் எண்டுதான் பாத்துக்கொண்டிருப்பன். என்னோட ஒரு நாள் கத்தி, கதவை அடிச்சுச் சாத்தினாளெண்டால் நான் வீட்டுக்கு வந்திட்டன் எண்டு அர்த்தம்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ எப்ப?" என்றார்.

"போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ," என்று பேச்சை மாற்றினேன். போய் வருகிறேன் என்கிற அந்த இரண்டு சொல்லையும் அவருக்குப் பழக்கியிருந்தேன். போவதற்கும் வருவதற்கும் ஒரே வசனமா என்று கேட்டுச் சிரிப்பார். அன்று சிரிக்காமல், தமிழில், திருத்தமாகச் சொன்னார். ஆனால் அவர் திரும்பி வருவதற்காகப் போகவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

7

நேற்றைக்கு வருகிறேன். இருட்டத் தொடங்கிய வீட்டில் கையில் போனோடு நின்றேன். பழக்கத்தில் புள்ளியைப் பார்த்தேன். நோபல் பார்க்கில் எங்கள் தெரு முழுக்க அணைந்திருந்தது. தமாலே பச்சையாக இருந்தது.

இப்ராகிமுக்கு எழுதினேன்: "இங்கே லைட் ஓஃப்."

அங்கே காலை. உடனே குரல் செய்தி வந்தது. முதலில் அந்தச் சிரிப்பு. பிறகு கடைக்குள் பார்த்துக் கத்துகிறார், அவர்கள் மொழியில், மெல்பேர்ன் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. ஒரு கூட்டமே சிரித்தது. தூரத்தில் ரஹினா, துக்கம் விசாரிப்பதுபோல், "சொரி, மகள்!" என்றார். பின்னணியில் ஒரு சின்னப் பெண் என்னவோ சொல்லிச் சண்டை பிடித்தாள், ஏதோ கதவு படாரென்று அடித்தது. இப்ராகிம் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குரலில் மட்டும் பெருமை நிறைந்து வழிந்தது. "பிரிட்ஜைக் கழட்டினியோ, சிஸ்டர்?" என்று கேட்டார்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சிரிப்புக்காக இல்லை, அந்தக் கதவுக்காக.

அப்போது கரண்ட் வந்தது.

நெல்லியடியில் கரண்ட் வந்தால் ஒழுங்கை முழுவதும் ஒரு "ஓ" எழும்பும். யார் தொடங்குவதென்று தெரியாது. பகைத்த வீடுகள்கூட ஒன்றாகக் கத்தும். தமாலேயிலும் அப்படித்தானாம், இப்ராகிம் சொல்லியிருக்கிறார். நான் என்னையறியாமல் வாயைத் திறந்தேன். பிறகு காது கொடுத்தேன். எங்கள் தெரு சத்தமில்லாமல் வெளிச்சமானது. யாரும் கத்தவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

"பாத்தீரோ? வரிசையில வந்தது," என்றார் அத்தான். அபி வைஃபை பெட்டியின் வயரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "சித்தி, கேன் ஐ பிளக் இட் இன்?"

"பொறு அம்மா. இப்ப வேண்டாம்."

"வை நொட்?"

"வந்த உடன நம்பக்கூடாது. நிக்குதோ எண்டு பாக்க வேணும்."

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு ஏனோ வாதாடவில்லை. கழற்றிய பிரிட்ஜுக்கு முன்னால், குசினித் தரையில் என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், வயரை மடியில் வைத்துக்கொண்டு. மேலே விளக்கு அசையாமல் எரிந்தது.

"ஹௌ லோங், சித்தி?"

எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? "இன்னும் கொஞ்சம்," என்றேன்.